ஏரிக்கரைப் பூங்காவில் வசந்த வலசை: ஒரு நாள் நிறைந்திருந்த மரங்கள் மறுநாள் ஏன் வெறுமையாகின்றன?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வட அமெரிக்கப் பேரேரிகளுள் ஒன்றின் கரையிலுள்ள இயற்கைப் பூங்காவுக்கு மே மாத நடுவில் அடுத்தடுத்து இரண்டு காலைகள் சென்றிருக்கிறீர்கள். முதல் நாள் குளிரும் தூறலுமாக இருந்தும், கரையோரப் புதர்களில் இருபதுக்கும் மேற்பட்ட பறவை இனங்களைக் கண்டீர்கள். மறுநாள் வானம் தெளிந்து வெயில் இதமாக இருந்தும், அதே பாதையில் எப்போதும் அங்கே வாழும் பறவைகளைத் தவிர வேறெதுவும் தென்படவில்லை. நீங்கள் சரியாகப் பார்க்கவில்லையா, அவை எங்கே போயின, எந்த நாளில் செல்வது என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா, எதுவும் காணாத நாளைக் குறித்துவைப்பதில் பயன் உண்டா, மே மாதக் கடைசி வாரத்தில் இன்னொரு முறை செல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் பார்க்கத் தவறவில்லை. முதல் நாள் நீங்கள் கண்ட பறவைகளுள் பெரும்பாலானவை அன்று இரவே கிளம்பிப் போய்விட்டன; அந்த இரவில் தெற்கிலிருந்து வந்த மற்றப் பறவைகளும் பூங்காவில் இறங்காமல் அதன் மேலாகவே கடந்து சென்றிருக்கும். மரங்கள் வெறுமையாக இருந்ததால் வலசை நின்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். தடையில்லாத வலசைக்கு அடுத்த காலை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஏரிக்கரைப் பூங்காவில் காலையில் காண்பது எவ்வளவு என்பதை முந்தைய இரவின் காற்றும், மழையும், ஏரியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் விடை எளிதாகக் கிடைக்கும்.

வசந்தத்தில் நாம் தேடிச் செல்லும் சிறு பறவைகளுள் பெரும்பாலானவை இரவில் பயணம் செய்பவை. வார்ப்ளர்கள், பூங்குருவிகள், விரியோக்கள், ஓரியோல்கள், டேனேஜர்கள், அமெரிக்கச் சிட்டுகள் ஆகியவை கதிரவன் மறைந்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் எழும்பி, பல மணி நேரம் பறந்து, விடியலுக்கு முன்போ விடியலை ஒட்டியோ தரையிறங்குகின்றன. (தமிழில் வார்ப்ளர் என்பதைக் கதிர்க்குருவி என்று எழுதுவது வழக்கம், ஆனால் அமெரிக்க வார்ப்ளர்கள் நம் நூல்கள் கதிர்க்குருவி என்று குறிக்கும் பறவைகளுக்கு உறவில்லாத தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே இங்கே வார்ப்ளர் என்றே எழுதுகிறேன்.) இரவில் காற்று குளிர்ந்து, கொந்தளிப்பு அடங்கியிருக்கும், இறக்கையடித்துப் பறக்கும் சிற்றுடல் சூடேறாது, நீரிழப்பும் குறையும். வேட்டைப் பறவைகளின் தொல்லை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பகல் முழுவதையும் இரை தேடுவதற்கு ஒதுக்கிக்கொள்ள முடிகிறது. வழியறிவதற்கு விண்மீன்களும் புவியின் காந்தப்புலமும் உதவுகின்றன. 1960களில் ஸ்டீபன் எம்லென் என்னும் ஆய்வாளர் இண்டிகோ பண்டிங் என்னும் பறவைகளைக் கோளரங்கத்துக்குள் வைத்துச் செய்த சோதனைகள், அவை வடதிசை வானத்து விண்மீன் கூட்டங்களைக் கொண்டு திசை அறிகின்றன என்பதைக் காட்டின. வானம் எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு சுழல்கிறது என்பதைக் குஞ்சுப் பருவத்திலேயே அவை கண்டு கற்றுக்கொள்கின்றன என்பதும் பின்னர் தெரியவந்தது.

பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள ஒரு வார்ப்ளர், காற்றின் துணையின்றி மணிக்கு 30 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடியது. பின்னாலிருந்து தெற்குக் காற்று தள்ளினால் தரையைக் கடக்கும் வேகம் அதைவிட வெகுவாகக் கூடும். எதிர்க்காற்று வீசினால் அதே தொலைவுக்கு இருமடங்கு கொழுப்பை எரிக்க நேரலாம். அந்தக் கொழுப்புதான் அதன் முழு மூலதனம். ஒரு கிராம் கொழுப்பு, ஒரு கிராம் மாவுச்சத்து தருவதைவிட இரு மடங்குக்கும் மேலான ஆற்றலைத் தருகிறது. உங்கள் பூங்காவில் வந்து இறங்கியவற்றுள் பலவும் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் யுகட்டான் தீபகற்பத்திலிருந்து கிளம்பி, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் அகலமுள்ள மெக்சிகோ வளைகுடாவை ஓர் இரவும் மறுநாள் பகலின் பெரும்பகுதியுமாக எங்கும் நிற்காமல் கடந்தவை. அதன் பிறகு கண்டத்தின் உட்பகுதியில் ஓர் இரவு பறப்பதும், சில நாட்கள் தங்கித் தின்று கொழுப்பைச் சேர்ப்பதுமாக வடக்கே நகர்கின்றன. வலசைக் காலத்தின் பெரும்பகுதி பறப்பதில் கழிவதில்லை. இப்படி இடையில் தங்குவதில்தான் கழிகிறது. பறந்துகொண்டிருக்கும் பறவையை நாம் காண்பதில்லை; தங்கியிருக்கும் பறவையையே காண்கிறோம்.

அப்படியானால் அவை ஏரிக்கரையில் ஏன் தங்குகின்றன? இவ்விடத்தில் ஏரியின் பங்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஈரி ஏரி மிக அகலமான இடத்தில் 90 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். மிச்சிகன் ஏரியோ 190 கிலோமீட்டர் வரை விரிந்தது. வளைகுடாவைக் கடந்த பறவைக்கு இவை கடக்க முடியாத தொலைவுகள் அல்ல. ஆனால் இரவின் முடிவில், கொழுப்பு தீரும் நேரத்தில், விடியல் நெருங்கும்போது முன்னால் நீர்ப்பரப்பு விரிந்தால், இந்தக் கரையிலேயே இறங்கிவிடுவதுதான் பாதுகாப்பு. ஆகவே தென்கரையில், எடுத்துக்காட்டாக ஒஹாயோவின் மேகி மார்ஷ் சதுப்பு நிலத்தில், ஏரியைத் தாண்டத் துணியாத பறவைகள் குவிகின்றன. வடகரையில் நடப்பது வேறு. கனடாப் பெருநிலத்தின் தென்முனையாக ஈரி ஏரிக்குள் நீண்டிருக்கும் பாயின்ட் பீலியில், இரவில் ஏரியைக் கடக்கத் தொடங்கிய பறவைகள் பொழுது விடியும்போது கண்ணில் படும் முதல் தரையென அந்த மணல் முனையைப் பற்றிக்கொள்கின்றன. 1918-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதற்குப் பறவை ஆர்வலர்களின் முயற்சியும் ஒரு முக்கியக் காரணம். ஏறத்தாழ 15 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள அந்த இடத்தில் இதுவரை 390-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன.

மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில், சிகாகோவைப் போன்ற இடங்களில், மூன்றாவது விதமாக நிகழ்கிறது. மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசும் காற்று, வடக்கு நோக்கிப் பறப்பவற்றை மெல்ல மெல்ல ஏரிக்கு மேலாக ஒதுக்கிவிடுகிறது. பொழுது புலரும்போது கீழே நீர் மட்டுமே இருப்பதைக் கண்ட பறவைகள் உயரே எழும்பி, கரை இருக்கும் பக்கம் திரும்புகின்றன. ராடார் பதிவுகளில் இந்தத் திருப்பம் தெளிவாகத் தெரிகிறது. அவை களைத்துக் கரை சேரும்போது கட்டடங்களுக்கு முன்னால் நீர் விளிம்பில் ஒரு பச்சைத் திட்டு இருக்குமானால் அத்தனையும் அதில் இறங்கும். சிகாகோவின் மான்ட்ரோஸ் முனையில் மந்திர வேலி என்றே பெயர் பெற்ற புதர் வரிசை இப்படித்தான் புகழடைந்தது. பனிப்போர்க் காலத்தில் அங்கிருந்த ராணுவ ஏவுகணைத் தளத்தின் குடியிருப்புகளை மறைப்பதற்காக நட்ட செடிகளின் எச்சம் அது. இன்று அந்தச் சிறு முனையில் காணப்பட்ட இனங்களின் எண்ணிக்கை 300-ஐத் தாண்டிவிட்டது. ஒரு பூங்காவின் சிறப்பு அதன் பரப்பளவில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

உங்கள் முதல் நாளின் தூறலும் குளிரும் ஏன் உங்களுக்குச் சாதகமாக அமைந்தன என்பது இப்போது விளங்கும். முன்னிரவில் இதமான தெற்குக் காற்றில் பெரும் எண்ணிக்கையில் கிளம்பிய பறவைகள், நள்ளிரவுக்குப் பின் வடக்கிலிருந்து இறங்கிய குளிர்காற்றையும் மழையையும் எதிர்கொண்டிருக்கும். முன்னே செல்ல இயலாமல், கிடைத்த இடத்தில் அவை இறங்கியிருக்கும். பறவை நோக்குவோர் இதைப் பறவை மழை என்று சொல்வதுண்டு. கிளம்புவதற்கு ஏற்ற காற்றும், தொடர்வதற்குத் தடையான வானிலையும் ஒரே இரவில் இந்த வரிசையில் அமைந்தால்தான் அது நிகழும். தொடக்கத்திலிருந்தே வடக்குக் காற்று வீசினால் அவை கிளம்பவே மாட்டா; அன்று மழை பெய்தாலும் புதிதாக எதுவும் வராது. உங்கள் இரண்டாம் நாளுக்கு முந்தைய இரவில் மழை விலகி, காற்று மீண்டும் தெற்கிலிருந்து வீசியிருக்க வேண்டும். அந்த வெயிலும் இதமும் அதன் அடையாளங்களே. காத்திருந்தவை அனைத்தும் கிளம்புவதற்கு அதைவிட நல்ல இரவு வாய்க்காது.

முதல் நாள் பறவைகள் தாழ்வான புதர்களில், கண்ணுக்கு நேராக இருந்தன என்று வியப்புடன் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் களைப்பு மட்டும் காரணம் அன்று. வசந்தத்தில் நிலம் சூடேறிய பிறகும் பேரேரிகளின் நீர் நெடுநாள் குளிர்ந்தே இருக்கும். அதனால் கரையோர மரங்கள் உள்நாட்டு மரங்களைவிடத் தாமதமாகத் துளிர்க்கின்றன. இலைப்புழுக்களும் தாமதமாகவே தோன்றுகின்றன. அந்தக் குறையை ஏரியே ஈடுகட்டுகிறது. அதன் அடிச்சேற்றில் புழுவாக வாழ்ந்த, கடிக்காத கொசுவகைப் பூச்சிகள் ஏப்ரல், மே மாதங்களில் திரள் திரளாக மேலெழுந்து, கரையோரச் செடிகளிலும் கிளைகளிலும் அப்பிக்கொள்கின்றன. நடப்பவர் முகத்தில் மோதி எரிச்சலூட்டும் இந்தப் பூச்சிக் கூட்டமே, துளிர் விடாத மரங்களுக்கிடையில் வந்திறங்கிய வார்ப்ளருக்குக் கிடைக்கும் முதல் முழு உணவு. குளிர்ந்த காலையில் பூச்சிகள் பறக்க முடியாமல் காற்று மறைவான பக்கத்தில், தரைக்கு அருகில், நீர் விளிம்பில் ஒடுங்கியிருக்கும். பறவைகளும் அங்கேயே இறங்கி மேயும். வெயில் ஏறினால் பூச்சிகள் உச்சிக் கிளைகளுக்குச் செல்ல, பறவைகளும் பின்தொடர்ந்து கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஆகவே குளிரும் காற்றுமான நாளில் பூங்காவின் காற்று மறைவான ஓரத்தைக் கண்டுபிடித்து, அங்கே அசையாமல் நிற்பதே சிறந்த உத்தி. நடந்துகொண்டே இருப்பவரைவிட நிற்பவருக்கே அன்று அதிகம் தென்படும்.

எந்த நாளில் செல்வது என்பதற்கு இப்போது விடை சொல்லலாம். முந்தைய மாலையில் காற்றின் திசையையும் மழை எப்போது வரும் என்பதையும் பாருங்கள். முன்னிரவில் தெற்கு அல்லது தென்மேற்குக் காற்றும், விடியலுக்கு முன் மழையோ காற்று மாற்றமோ வரும் என்ற முன்னறிவிப்பும் சேர்ந்திருந்தால், வேறு எந்த வேலையையும் தள்ளிவைத்துவிட்டுச் செல்லத் தகுந்த காலை அது. அமெரிக்காவின் வானிலை ராடார்கள் மழைத்துளிகளைப் போலவே பறக்கும் பறவைகளையும் காட்டுகின்றன. பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு ராடார் நிலையத்தைச் சுற்றியும் வட்டமாக விரியும் ஒளிப்பரப்பு, தரையிலிருந்து எழும்பும் பறவைக் கூட்டமே. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் பேர்ட்காஸ்ட் திட்டம் இந்தத் தரவைக் கொண்டு வசந்த காலத்தில் ஒவ்வோர் இரவுக்கும் முன்கணிப்பையும் நேரடி வரைபடத்தையும் வெளியிடுகிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ராடார் காட்டுவது மேலே எத்தனை பறக்கின்றன என்பதை மட்டுமே. எத்தனை இறங்கும் என்பதை விடியற்காலை வானிலையைக் கொண்டு நீங்களேதான் கணிக்க வேண்டும். இரவு முழுவதும் ராடார் ஒளிர்ந்து, காலையும் தெளிவாக விடிந்தால், உங்கள் இரண்டாம் நாள் போன்ற ஒரு நாளையே பெரும்பாலும் எதிர்பார்க்கலாம்.

இரவுப் பயணிகளைப் பற்றி மட்டும் இவ்வளவு சொல்லிவிட்டு, பகலில் பறப்பவற்றை விட்டுவிடுவது சரியாகாது. தகைவிலான்கள், உழவாரன்கள், நீல ஜேக்கள், பருந்து வகைகள் ஆகியவை பகலில் செல்பவை. நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, அங்கிருந்து சரிந்து செல்லும் பருந்துகளுக்குக் குளிர்ந்த ஏரியின் மேல் அந்த ஏற்றம் கிடைப்பதில்லை. அதனால் அவை கரையை அடைந்ததும் அதை ஒட்டியே பக்கவாட்டில் நகர்கின்றன. ஒன்டாரியோ ஏரியின் தென்கரையிலுள்ள டெர்பி ஹில், பிராடக் பே ஆகிய இடங்களில் ஏப்ரல் பிற்பகுதியில் அகன்ற இறக்கைப் பருந்துகள் கூட்டம் கூட்டமாகச் செல்வது இதனால்தான். தெளிந்த வானமும் தெற்குக் காற்றுமாக இருக்கும் நாளில் மரங்களில் ஒன்றும் இல்லையென்றால், தலையை உயர்த்தி வானத்தைப் பாருங்கள். அன்றைய வலசை அங்கே நடந்துகொண்டிருக்கலாம்.

பருவத்தின் ஒழுங்கையும் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்ச்சில் பனிக்கட்டி உடைந்து நீர் திறக்கத் திறக்க வாத்துகளும், அவற்றின் பின்னே லூன்கள் என்னும் மூழ்கு பறவைகளும் ஏரியில் வந்து தங்குகின்றன. நாணல்களில் செந்தோள் கரும்பறவையின் ஆண்கள் இடம் பிடிக்கின்றன. ஏப்ரலில் கிங்லெட்டுகளும், ஹெர்மிட் பூங்குருவியும், வார்ப்ளர்களுள் முந்தி வரும் மஞ்சள் பிட்ட வார்ப்ளரும் வருகின்றன. மே மாத முதல் மூன்று வாரங்களே உச்சம். நல்ல நாளொன்றில் வார்ப்ளர்களில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைக் காண முடியும். ஒவ்வோர் இனத்திலும் ஆண்கள் முதலிலும் பெண்கள் சில நாட்கள் கழித்தும் வருவது பொது வழக்கம். முன்னே சென்று நல்ல கூடுகட்டும் இடத்தைப் பிடிக்கும் ஆணுக்கே துணை எளிதில் கிட்டுகிறது என்பதால் இந்த அவசரம். ஆகவே ஓர் இனத்தின் பெண்களே மிகுதியாகத் தென்படத் தொடங்கினால், அந்த இனத்தின் வலசை முடிவை நெருங்குகிறது என்று கொள்ளலாம்.

பதிவைப் பற்றி நீங்கள் கேட்டதைத்தான் நான் மிக முக்கியமான கேள்வியாகக் கருதுகிறேன். வெறும் நாளைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். கார்னெல் ஆய்வகமும் பறவைப் பாதுகாப்பு அமைப்பான தேசிய ஆடுபன் சங்கமும் 2002-இல் தொடங்கிய இபேர்ட் போன்ற பறவைப் பதிவுத் தரவுத்தளங்களில் ஆய்வாளர்களுக்குப் பெரிதும் பயன்படுவது, நீங்கள் கண்டதும் கேட்டதுமான எல்லா இனங்களையும், செலவழித்த நேரத்தோடும் நடந்த தொலைவோடும் சேர்த்துத் தரும் முழுப் பட்டியல். அதில் ஓர் இனம் இல்லையென்றால், நீங்கள் தேடியும் அது தென்படவில்லை என்று பொருள். அரிய பறவையைக் கண்ட நாளில் மட்டும் பதிவிட்டு மற்ற நாட்களில் பேசாமல் இருந்தால், பூங்கா எப்போதும் நிறைந்திருந்தது போன்ற தவறான சித்திரமே பின்னால் வருபவர்களுக்குக் கிடைக்கும். வட அமெரிக்காவில் 1970-க்குப் பிறகு ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. பல்லாண்டுகளாகத் தன்னார்வலர்கள் பொறுமையுடன் எடுத்த கணக்குகள் அந்த ஆய்வுக்கு அடித்தளமாக இருந்தன; வானிலை ராடார் பதிவுகள் அதைத் தனியே உறுதிப்படுத்தின. அந்த எண்ணிக்கையைப் படித்த நாளிலிருந்து, ஒரே ஒரு சிட்டைக் கண்ட காலையைக் கூட நான் எழுதாமல் விட்டதில்லை.

எண்ணிக்கையை மதிப்பிட்டாவது எழுதுங்கள். இருந்தது என்று மட்டும் குறித்துவிட்டு நகர வேண்டாம். காற்றின் திசையையும் வெப்பநிலையையும் குறிப்புப் பகுதியில் சேர்த்துவிடுங்கள். சில ஆண்டுகள் சென்ற பின் உங்கள் பூங்காவுக்கு எந்தக் காற்று பறவைகளைக் கொண்டுவருகிறது என்பதை உங்கள் குறிப்புகளே சொல்லும். இனம் உறுதியாகத் தெரியாதபோது, இனம் அறியப்படாத வார்ப்ளர் என்று எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை; ஸ்வெய்ன்சன் பூங்குருவியையும் சாம்பல் கன்னப் பூங்குருவியையும் நிழலில் பார்த்துப் பிரிக்க இயலாமல் அனுபவசாலிகளும் அப்படியே எழுதுகிறார்கள். குரலைக் கேட்டு இனம் சொல்லும் கைப்பேசிச் செயலிகள் எங்கே பார்க்க வேண்டும் என்று சுட்டிக்காட்டுவதில் வல்லவை. ஆனால் அவை சொன்னதை மட்டும் நம்பி, நீங்கள் காணாததையும் காதால் உறுதி செய்யாததையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. இன்னொரு பிழையும் புதியவர்களிடம் அடிக்கடி நேர்கிறது. வலசைப் பறவைகள் வழியில் தங்கும்போதே பாடும். மே நடுவில் ஒரு மேக்னோலியா வார்ப்ளர் உரக்கப் பாடுவதைக் கேட்டு, அது பூங்காவில் கூடு கட்டுகிறது என்று குறித்துவிடுகிறார்கள். பயணத்தில் இருக்கும் பறவையின் பாட்டு இனப்பெருக்கத்துக்குச் சான்று ஆகாது.

அரிய பறவைகள் தென்படும்போது கூடுதல் கவனம் தேவை. கிர்ட்லாண்ட் வார்ப்ளர் என்னும் இனம் பெரும்பாலும் மிச்சிகன் மாநிலத்தின் இளம் ஜாக் பைன் காடுகளிலேயே கூடு கட்டுவது. ஒரு காலத்தில் பாடும் ஆண்களின் எண்ணிக்கை 200-க்கும் கீழே சென்று, நீண்ட பாதுகாப்புப் பணிக்குப் பின் 2019-இல்தான் அமெரிக்காவின் அழிநிலைப் பட்டியலிலிருந்து நீங்கியது. மே மாதத்தில் ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் அது தென்பட்டால் சில மணி நேரத்துக்குள் நூற்றுக்கணக்கானோர் கூடிவிடுகிறார்கள். நெருங்கிச் சூழ்வதும், பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைப்பதும் அந்தப் பறவையின் இரை தேடும் நேரத்தைப் பறிக்கும் செயல்கள். பகலில் சேர்க்கும் கொழுப்பைக் கொண்டே இரவில் பறக்க வேண்டிய உயிருக்கு ஒரு மணி நேர இழப்பு சிறிய இழப்பு அன்று. மான்ட்ரோஸ் மணற்கரையில் 2019-இல், அழிநிலையிலுள்ள பேரேரிப் பைப்பிங் உப்புக்கொத்தி இணை ஒன்று கூடமைத்தபோது, தன்னார்வலர்கள் முறைவைத்துக் காவல் காத்துக் குஞ்சுகளை வளரவிட்டார்கள். நகரத்தின் நெரிசல் மிகுந்த மணற்கரையிலும், மனிதர்கள் சற்று விலகி நின்றால் இது நடக்கும் என்பதை நான் பெரும் நன்றியுணர்வோடு நினைவுகூர்கிறேன்.

கரையோரக் கட்டடங்களைப் பற்றியும் சில வரிகள் எழுதாமல் இருக்க முடியவில்லை. இரவில் விளக்கொளி பறவைகளைத் தன்பால் இழுக்கிறது. விடியலில் இறங்கும்போது கண்ணாடியில் தெரியும் மரத்தின் பிரதிபலிப்பை மரமென்றே நம்பி அவை மோதுகின்றன. சிகாகோவின் ஏரிக்கரையிலுள்ள மெக்கார்மிக் மண்டபத்தில் 2023 அக்டோபரில் ஒரே இரவில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பறவைகள் இறந்தன. மறு ஆண்டு அதன் கண்ணாடிகளில் நெருக்கமான புள்ளிகள் பதித்த படலம் ஒட்டப்பட்ட பின் மோதல்கள் மிகப் பெருமளவில் குறைந்தன. உங்கள் வீட்டு ஜன்னலிலும் இதைச் செய்யலாம். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், புள்ளிகளுக்கிடையே ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல் ஒட்ட வேண்டும். தனியாக ஒரு வல்லூறின் நிழலுருவை ஒட்டுவதால் பயனில்லை. ஏப்ரல், மே மாத இரவுகளில் தேவையற்ற விளக்குகளை அணைப்பதற்கோ எந்தச் செலவும் இல்லை.

இனி, மே மாதக் கடைசி வாரத்தில் செல்லலாமா என்ற கேள்வி. தயங்காமல் செல்லுங்கள், ஆனால் நடுமாதத்தின் பன்மையை எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம். இலைகள் அடர்ந்துவிடுவதால் கண்ணைவிடக் காதே அதிகம் உதவும். குயில் வகைகளும், உருவத்தால் பிரித்தறிய அரிதான சிறு ஈப்பிடிப்பான்களும், புதர்களுக்குள் மறைந்து திரியும் மோர்னிங் வார்ப்ளரும் அப்போதுதான் கடந்து செல்கின்றன. உங்கள் ஏரி ஒன்டாரியோ என்றால், விடிந்ததும் மரங்களுக்குள் நுழைவதற்கு முன் நீர் விளிம்பில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். வளைந்த நீள அலகுடைய விம்ப்ரெல் என்னும் கரைப்பறவைகள், ஆர்க்டிக் பகுதிக்குச் செல்லும் வழியில், மே மாதப் பிற்பகுதியின் சில நாட்களில் டொராண்டோவின் கரையோரமாகக் கூட்டங்களாகப் பறப்பதை அங்குள்ளவர்கள் ஒவ்வோர் ஆண்டும் காத்திருந்து எண்ணுகிறார்கள்.

பிறகு ஓக் மரங்களின் உச்சியிலிருந்து, ஒரே சுருதியில், மெல்லத் தொடங்கி நடுவில் வலுத்து மீண்டும் தேயும், மிக உயர்ந்த ஒலி ஒன்று கேட்கிறதா என்று கவனியுங்கள். வயது முதிர்ந்தவர்களுள் பலருக்கு அந்த ஒலி கேட்பதே இல்லை, அவ்வளவு கூர்மையானது. அது பிளாக்போல் வார்ப்ளர். பன்னிரண்டு கிராம் எடையுள்ள இந்தப் பறவை, இலையுதிர்காலத்தில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் இரண்டு மூன்று நாட்கள் இறங்காமல் பறந்து, 2,200 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து கரீபியத் தீவுகளை அடைகிறது என்பதை, அதன் முதுகில் பொருத்திய சிறு கருவிகள் 2015-இல் உறுதி செய்தன. வசந்தத்தில் அது திரும்பும் வழி வேறு; தீவுகளைத் தொட்டு, ஃபுளோரிடா வழியாக உள்நாட்டில் ஏறி, வார்ப்ளர்களுள் கடைசியாக வருபவற்றுள் ஒன்றாகப் பேரேரிகளை வந்தடைகிறது. அதன் ஆண்கள் குறைந்து, பச்சை கலந்த பழுப்பு நிறப் பெண்கள் மட்டும் மரங்களில் தென்படும் காலையை உங்கள் குறிப்பேட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். உங்கள் பூங்காவில் அந்த ஆண்டின் வார்ப்ளர் வலசை ஏறக்குறைய அந்த நாளோடு முடிகிறது.